ஜன்னலோர சீட்

என் கொழுந்தன் முசிகாயிசே வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கையில் இலந்தைக் கிளை இருந்தது. காலில் பாலிஷ் போட்ட ஷூ, அதன் மேல் மலைப்பாதைப் புழுதி. நெற்றியெல்லாம் வியர்வை. காலையில் கடற்கரைக்குப் போன பிள்ளை, போன காரியம் முடிந்து திரும்பி வந்திருந்தான்.

"அண்ணி, கூட்டிட்டு வந்துட்டேன்" என்றான்.

கிளையை உள்ளே கொண்டுபோய் வைக்கும்வரை அவன் என்னிடம் வாய் திறந்திருக்கக் கூடாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ அவன் முகத்தைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் என் கணவர் நிற்கிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் குளித்து முகத்துக்கு எண்ணெய் தடவியிருந்தேன். துக்கத்தின் கறுப்புத் துணிக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல், கல்யாணத்தின்போது அவர் வாங்கித் தந்த பாசிமணியைப் போட்டிருந்தேன். ஐந்து வயது மகள் ஸினேகூட என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ இன்னிக்கு வாசமா இருக்கே" என்றாள்.

எங்கள் நாய் முசிகாயிசேயின் ஷூவை மோந்தது. கிளையை மோந்தது. பிறகு அவனைத் தாண்டி வேலிக்கு வெளியே போய், கீழே தார் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.

யாரோ இன்னும் வரவேண்டியிருக்கிற மாதிரி.

எங்களுடையது மலை ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வேன் டாக்ஸி பிடித்து உம்சிந்தோ டவுனுக்குப் போய், அங்கிருந்து இன்னொன்று மாற வேண்டும். ஆனாலும் கடல் இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு நல்லது கெட்டது கிடையாது. குழந்தை ராத்திரியில் வீரிட்டு அழுகிறதா, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா, பாட்டிலில் பிடித்து வந்த கடல் தண்ணீரை மூலைக்கு மூலை தெளிப்போம். தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் வெள்ளிக் காசு ஒன்றை அலையில் போட்டு உத்தரவு கேட்போம். உள்ளே இருப்பவர்கள் நம்மைவிட மூத்தவர்கள், அவர்கள் வீட்டு முற்றத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

என் கணவர் கேட்காமல் எடுக்கிற ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் குனிவார். போன குளிர்காலத்தில் அத்தைக்கு முட்டி வலி என்று தண்ணீர் பிடிக்கப் பாறையில் இறங்கியவரை ஒரே ஒரு அலை கொண்டு போய்விட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பதில் தெரிந்தவர்கள் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

உடம்பு கரை ஒதுங்கியது. மாட்டுத் தொழுவத்தின் பக்கத்தில் புதைத்தோம். ஆனால் அத்தைக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் மகன் வருகிறார் என்றார்.

"இடுப்பளவு தண்ணியில நிக்கிறான்டி. 'அம்மா, குளிருது, வழி தெரியல'ங்கிறான். நான் கையை நீட்டினா அலை வந்துடுது."

குறி சொல்லும் அம்மாவிடம் போனோம். அவள் மூத்தோரை அழைக்கும் இம்பேபோ இலையைக் கொளுத்தி, புகைக்குள் குனிந்து, வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள். "உடம்பைத்தான் பொதைச்சிருக்கீங்க. ஆள் அங்கேயேதான் நிக்கிறாரு. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

செத்தவர்களுக்கு வழி தெரியாது. உயிர் போன இடத்துக்கு ரத்த சொந்தம் ஒருவர் இலந்தைக் கிளையோடு போய், குலப்பெயர் சொல்லி அழைத்து, கிளையில் ஏற்றிக் கூட்டி வர வேண்டும். அந்த மரத்தில் ஒரு முள் நேராக நிற்கும், பக்கத்து முள் பின்னால் வளைந்திருக்கும். போகிற வழிக்கு ஒன்று, வந்த வழிக்கு ஒன்று என்பார்கள். டாக்ஸியில் இறந்தவருக்கும் ஒரு சீட் எடுக்க வேண்டும். வழியில் வேறு யாரிடமும் பேசக் கூடாது, அவரிடம் மட்டும்தான் பேச வேண்டும். வண்டி கிளம்புகிறது, ஆறு வருகிறது, இறங்கு என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்லாமல் விட்டால் விட்ட இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

கறுப்பு உடுத்தியவள் கடற்கரை மிதிக்கக் கூடாது. போகலாம் என்றிருந்தால் நான் தவழ்ந்தாவது போயிருப்பேன். கூடப்பிறந்தவன் முசிகாயிசே ஒருவன்தான்.

அவன் உம்சிந்தோவில் ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையை மட்டும் எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போவான். அத்தை விஷயத்தைச் சொன்னதும் நெளிந்தான்.

"ஜனங்க நடுவுல ஒரு மரக்கிளைகூடப் பேசிட்டு வரணுமாம்மா? எங்க கடைக்கு வர்றவங்க யாராவது பார்த்தா?"

"உனக்குக் காய்ச்சல் கண்டப்ப உங்கண்ணன் உன்னை முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஜனங்க நடுவுலதான் ஓடினான்" என்றார் அத்தை.

மறுவாரமே கிளம்பினான்.

இப்போது திரும்பி வந்துவிட்டான். பங்காளிகள் வட்ட வீட்டுக்குள் கூடியிருந்தார்கள். பின்சுவரோரம் இறந்த மூத்தோருக்கான இடத்தில் பாய் விரித்து, பானையில் சோளக் கள்ளு வைத்திருந்தோம். கிளையைப் பாயில் கிடத்தி இம்பேபோ கொளுத்தினார்கள். பிறகு அவருக்கென்று வைத்திருந்த ஆட்டிடம் கிளையை நீட்டினார்கள். ஆடு அந்த இலையைத் தின்றால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த ஆடு காலையிலிருந்து பட்டினி. இலந்தை என்றால் முள்ளோடு மெல்லும்.

முகர்ந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

இன்னொரு தடவை நீட்டினார்கள். பின்னால் போய், கயிறு இழுபடும் அளவுக்கு விலகி நின்றது. புகை மேலே கூரைக்குப் போகாமல், தரையோடு தரையாக ஊர்ந்து வாசல் வழியே வெளியே போனது. நாய் உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் போனது.

"முசி, வழியில யார்கிட்டயாவது பேசினியா?" அத்தை மெதுவாகக் கேட்டார்.

"இல்லம்மா. அண்ணன்கிட்ட மட்டும்தான்."

ஆட்டுக்கு வயிறு சரியில்லையோ என்று ஒருவர் சொன்னார். ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டோம். நானும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டத்தில் நானும் ஒரு பிடி சோறு போட்டேன்.

அந்த வீட்டுக்குள் யாரும் வந்திருக்கவில்லை என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. கட்டினவருடைய காலடி எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் ஒரு பெண் வேலியோரம் வந்து நின்றாள். முசிகாயிசேயோடு கடையில் வேலை செய்கிற லுங்கிலே. இரண்டு மலை தள்ளி அவள் வீடு. அவன் மனது அவள் பக்கம் சாய்ந்திருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளைக் கண்டதும் முசிகாயிசே எழுந்து நின்றான். முகம் வெளிறிவிட்டது.

அவள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு பாவாடையை எடுத்தாள். "மத்தியானம் டாக்ஸியில இதைத்தான் கட்டியிருந்தேன். வீட்டுக்குப் போய் வெயில்ல போட்டேன். பிழியப் பிழியத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. நாக்குல வெச்சுப் பார்த்தேன். உப்பு."

"பாவாடை ஓரத்துல இது குத்தியிருந்துச்சு" என்று உள்ளங்கையை விரித்தாள். பின்னால் வளைந்த ஒரு இலந்தை முள்.

அந்தக் கிளையை யாரும் விளையாட்டுக்குக் கையில் எடுப்பதில்லை. எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"முசி, என் பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

அவன் தலையைத் தொங்கப் போட்டான். அவள்தான் சொன்னாள். டாக்ஸியில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, அவன் பக்கத்து ஜன்னலோர சீட். பின்னால் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. அவள் வெளியிலிருந்து கையாட்டியதும் அவன் எதையோ அவசரமாகக் கோட்டுக்கு அடியில், முழங்காலுக்கு நடுவே திணித்துக்கொண்டான்.

"இங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டேன்" என்றாள். "'இல்ல, யாரும் இல்ல. உக்காரு'ன்னான்."

பின்னால் இருந்த பெரியவர் தொப்பியை எடுத்து மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டாராம்.

வழியெல்லாம் அவன் ஃபோனைப் பற்றியே பேசினான். ஆறு வந்தது, போனது. அவளுக்கு முதுகு குளிர்ந்தது, பாவாடை ஈரமானது, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியின் வாடை அடித்தது. காதோரம் யாரோ பல் கிட்டிப்போய் மூச்சு விடுவது கேட்டது. ஜன்னல் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நான் அடுத்த வண்டியில வந்திருப்பேனே, முசி. எங்கப்பாவைச் சுரங்கத்துலேர்ந்து நாங்க இப்படித்தான் கூட்டிட்டு வந்தோம். நான்தான் கிளை பிடிச்சேன்." அவள் அழத் தொடங்கினாள். "என்னைப் போயி உங்கண்ணன் மடியில உக்கார வெச்சியே."

அத்தை திட்டவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்ப்பதற்கு அவர் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம். பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே கிடந்த பாசிமணி கழுத்தைச் சுட்டது. மணப்பெண் மாதிரி எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் புருஷனோ கூப்பிட்டு வந்தவனாலேயே இல்லை என்று சொல்லப்பட்டு, இறங்கவும் சொல்லாமல், எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

முசிகாயிசே கிளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மேலே போன டாக்ஸி இருட்டுவதற்குள் அதே வழியாகத் திரும்பும். லுங்கிலே பின்னால் ஓடினாள். நான் போகக்கூடிய தூரம் வேலிவரைதான். நாயின் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து ரோடு நன்றாகத் தெரியும், பேசுவதும் கேட்கும்.

வண்டி வந்தது. அவன் நடுரோட்டில் நின்று மறித்தான்.

கதவு இழுபட்டது. உள்ளே ஜனம் நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் வைத்து, பக்கத்துப் பையன்மேல் பாதி ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அந்த ஜன்னலோர சீட் காலியாக இருந்தது.

"அதுல உக்காராதீங்க" என்றார் டிரைவர். "மத்தியானத்துலேர்ந்து ஈரம் காயல. கூரையும் ஒழுகல. உக்காந்தவன்லாம் எந்திரிச்சிட்டான்."

முசிகாயிசே தார் ரோட்டில் மண்டியிட்டான். பாலிஷ் போட்ட ஷூவோடு, ஊர் பார்க்க, குலப்பெயர் சொல்லி வாய்விட்டுக் கூப்பிட்டான்.

"ன்டோசி! மகாயே! அண்ணா, நான்தான் முசி. வீடு வந்துடுச்சு. இறங்குண்ணா. என் அண்ணன் இங்கதான் இருக்கான், எல்லாரும் கேட்டுக்குங்க, என் கூடப்பிறந்தவன் இந்த சீட்டுலதான் இருக்கான்."

வண்டிக்குள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஒன்றும் அசையவில்லை.

பிறகு, கனமான ஆள் ஒருவர் இறங்கினால் வண்டி லேசாக மேலே எழும்புமே, அப்படி எழும்பியது.

யாரும் இறங்கவில்லை.

காற்றில் உப்பு வாடை ஏறி வந்தது. மலை மேல், கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில். முசிகாயிசே கிளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் ஏறினான். அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னான். "இது ஓடைக் கல், கால் வழுக்கும். இது நீ வெச்ச பீச் மரம். இதோ வேலி." லுங்கிலே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நடந்தாள்.

நாய் எழுந்தது. வாலை ஆட்டியது. முசிகாயிசேவுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம் விட்டு, அந்த வெறும் இடத்தை அண்ணாந்து பார்த்தபடி கூடவே வந்தது.

என்னைத் தாண்டிப் போனபோது என் கை சில்லிட்டது.

நான் அழவில்லை. என்னால் ஆனமட்டும் நிமிர்ந்து நின்றேன்.

உள்ளே கிளையை நீட்டியதும் ஆடு தாவி வந்து இலையைத் தின்றது. முள்ளோடு மென்றது. புகை நேராகக் கூரைக்கு ஏறியது. அத்தை முகத்திலிருந்து போர்வையை விலக்கினார். பங்காளிகள் சிரித்தார்கள், யாரோ கள்ளுப்பானையை நகர்த்தினார்கள். முசிகாயிசே சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி விசும்பினான். லுங்கிலே அவன் பக்கம் பார்க்கவில்லை, ஆனால் கிளம்பியும் போகவில்லை.

ஆண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரம் அவர் அங்கே தனியாக இருக்க வேண்டும். அதன் பிறகு வாசலிலிருந்து முதலில் கூப்பிட வேண்டியது நான். அவர் உத்தரவு கொடுத்தால் கறுப்பைக் கழற்றும் நாளைப் பார்க்கலாம். எனக்குக் கறுப்பு பெரிதில்லை. குளிர் விட்டதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசல்படியில் மண்டியிட்டேன். உள்ளே வெளிச்சம் மங்கியிருந்தது. பின்சுவரோரம் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

புருஷன் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

"ஸினேயோட அப்பா" என்றேன். "உள்ள இருக்கீங்களா?"

சொட்டுவது நின்றது.

யாரோ சற்று நகர்ந்து, இடம் விட்டு உட்காரும் ஓசை கேட்டது. பிறகு அவர் குரல். சந்தேகமே இல்லை, அவர் குரல்தான். தெரியாத ஆளுக்கு வழிவிடுகிற மாதிரி, தணிந்து, மரியாதையாக வந்தது.

"இல்ல. யாரும் இல்ல. உக்காரு."

எனக்குப் பின்னால் முசிகாயிசே போட்ட அலறல் இரண்டு மலை தாண்டியிருக்கும்.

அத்தை நிதானமாக அவனைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் சொல்லாத ஒண்ணு உங்கண்ணனுக்குத் தெரியாது. நீ சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்றான்" என்றார். அதற்குப் பிறகு அவர் மகன்கள் இரண்டு பேரில் யாரைப் பற்றியும் பேசியதில்லை.

கறுப்பு இன்னும் என் உடம்பில்தான் இருக்கிறது. பின்சுவரோரம் சாணி மெழுகிய தரை காய்வதே இல்லை. தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. முசிகாயிசே வாரக் கடைசியில் வருகிறான். டாக்ஸியில் இரண்டு சீட் எடுத்து, பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடாமல், யார் கேட்டாலும் "எங்கண்ணன் இருக்காரு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருகிறானாம். அவனைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று லுங்கிலே சொன்னாள். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருப்பான். உள்ளே கால் வைப்பதில்லை.

நான் சாயங்காலமானால் வாசலில் மண்டியிட்டுக் கேட்கிறேன். பதில் மாறவில்லை.

நேற்று எனக்கு முன்னால் ஸினே போய்விட்டாள். படியில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எனக்குக் கேட்காத குரலில் எதையோ கேட்டாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு தொழுவத்தின் பக்கம் நின்ற என்னிடம் ஓடி வந்து என் கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இனிமே கேக்காத. உள்ள யாரும் இல்லையாம். அப்பாவே சொல்லிட்டாரு."